சலங்கை கட்டிய மோட்டார்

சுங்கை பட்டாணி ஊர் முழுக்கத் தேடினாலும் காளிதாசனைப் போல் பார்த்து ஓட்டுகிற ஆள் கிடையாது. மின்சார மோட்டார்சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து ஹெல்மெட் இல்லாமல் ஏறியதில்லை, சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை. பிள்ளைகள் சாலையைக் கடந்தால் காலை ஊன்றி நிற்பார். தங்கமான மனிதர் என்றார்கள். அந்தத் தங்கத்தின் கைவரிசை மனைவி சிகப்பியின் முதுகுக்குத்தான் தெரியும்.

பழைய பெட்ரோல் மோட்டார் முச்சந்தியிலேயே உறுமும். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டதால் அவர் தலைமுழுகிவிட்ட மகள் உமாராணியோடு பேசிக்கொண்டிருக்கும் சிகப்பி, சத்தம் கேட்டதுமே போனை வைத்துவிடுவாள். புது வண்டியோ பூனை மாதிரி வாசலில் வந்து நின்றது. முதல் வாரமே இரண்டு முறை மாட்டிக்கொண்டாள். ஒரு பல் போனது.

ஆயுத பூஜையன்று எலுமிச்சம்பழத்தோடு ஒரு சலங்கையையும் ஹேண்டிலில் கட்டினாள்.

"சத்தமே இல்லாத வண்டிங்க. ரோட்டுல நடக்கிறவங்களுக்குத் தெரியணும்லா."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பசாரில் காய் வாங்க வந்த எல்லாரிடமும் அதை ஆட்டிக் காட்டினார்.

மூன்று வாரம் சலங்கை ஒலித்தது. மகள் மாசமாக இருப்பதை அந்த மூன்று வாரத்தில்தான் சிகப்பி தெரிந்துகொண்டாள்.

நான்காவது வாரம், "வாந்தி நின்னுச்சாம்மா?" என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தவளின் தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினாள். காளிதாசன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. மறு கையில் சலங்கை இருந்தது.

"ரோட்டுல நடக்கிறவங்களுக்குத்தானே கட்டின," என்றார், குரலை உயர்த்தாமல். "அதான் முச்சந்தியிலயே அவுத்துட்டேன்."