மார்த்தாவின் கேப்டன்

கடைசி வாளித் தண்ணீரையும் படகின் வயிற்றில் வீசி ஊற்றிய பிறகுதான் தாசையன் என் வணக்கத்துக்குப் பதில் சொன்னார். மேலே தொங்கிய ஈரச் சாக்குகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, காய்ந்திருந்த ஒன்றை மட்டும் மறுபடி நனைத்தார். படகு கடலில் இல்லை. விழிஞம் துறைமுகத்துக்குப் பின்னால், தென்னைகளுக்கு நடுவே, முட்டுக்கட்டைகளின் மேல் நிற்கிறது. மழை நாளிலும் ஊற்றுவாராம். நான் பார்த்ததில்லை, நம்புகிறேன்.

கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டும். வெறும் தாசையன் என்றால் காது கேட்காது. முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் ஓடியபோது யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஓய்வு பெற்று வந்தபின், தொண்ணூற்றொன்பதில், ஒரு டச்சுக்காரன் கைவிட்டுப் போன 'மார்த்தா' என்ற இந்தப் பாய்மரப் படகைக் கோவளம் லாட்ஜ் முதலாளி ஒருவர் வாங்கினார். "ரெடியாக்கினா பின்னே நீங்கதான் கேப்டன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக மனிதர் கோடை முழுக்க வெயிலில் கிடந்தார். தொப்பியை மட்டும் முதல் வாரமே திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வாங்கியாகிவிட்டது.

அடுத்து வாங்கியது மனைவி லீலாபாய்க்கு வெள்ளைக் கான்வாஸ் ஷூ. படகில் ஏறினால் வழுக்கக் கூடாதே! இத்தனை காலமும் தம்பானூர் ரயில் ஸ்டேஷனில் நின்று அவருக்குக் கையசைத்தே பழகிய அந்த அம்மாளை, ஒரு தடவையாவது கன்னியாகுமரிவரை கடலில் கூட்டிப்போவதாக வாக்கு.

வருடக்கணக்காக வெயில் தின்ற பலகைகள் சுருங்கி, இடையிடையே விரிசல் விட்டிருந்தன. மரப்படகுக்காரர்கள் என்றால் விரிசலில் பஞ்சைத் திணித்து, இளக்கமான பூச்சு பூசி, கொஞ்சநாள் தண்ணீரில் போட்டுவைப்பார்கள். முதலில் ஒழுகும், மரம் ஊறி உப்பித் தானே மூடிக்கொள்ளும். இரும்புக் கப்பல் மனிதருக்கோ ஒழுகுவது மானக்கேடு. கல்லாக இறுகும் பிசினை இடமே விடாமல் அடித்து நிரப்பினார். கடலில் இறக்கிய அன்று உள்ளே ஒரு சொட்டு இல்லை. முதலாளியின் கையைப் பிடித்து அடித்தளத்தைத் தொட்டுப் பார்க்க வைத்தார். லீலாபாயும் வந்திருந்தார். "இன்னைக்கு முதலாளிக்க விருந்துக்காரங்க போவட்டு. ஞாயிறாச்ச சர்ச்சு விட்டு வந்து நாம போவலாம்" என்று சொல்லி, ஷூவைக் கேபினிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மரம் நன்றாக ஊறிவிட்டது. உப்புவதற்குத்தான் இடமில்லை. பலகைகள் ஒன்றையொன்று நெருக்கியதில் உள்ளே அவற்றைத் தாங்கும் விலாக்கட்டைகள் வரிசையாக முறிந்தன. படகைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள்.

"ஆருக்க தப்பும் இல்ல சாரே, எனக்க தப்பு. மரத்துக்கு நாலு நாளு வெள்ளம் குடிக்கக் குடுத்திருக்கணும். ஒழுகினா ஆளுக சிரிக்குமேன்னு நெனச்சேம், பாத்தியளா?" என்றார் தாசையன்.

முதலாளி இந்தப் பக்கமே வருவதில்லை. இனி யாரும் இதைச் சரிசெய்யப் போவதில்லை என்று தாசையனுக்கும் தெரியும். காயவிட்டால் மிச்சப் பலகையும் பிளந்துபோகும் என்றுதான் ஊற்றுகிறார்.

"வீட்ல ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லேல. அதுதான் பாடு."

கேட்டிருக்க வேண்டாமே என்று ஆகிவிட்டது எனக்கு. லீலாபாய் அதன்பிறகு இங்கே வரவேயில்லை.

தாசையன் ஏணியில் ஏறிப் படகுக்குள் போனார். திரும்பியபோது கையில் அந்த ஷூ. ஒருதரம்கூட மண்படாதது; என்றாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஷூவுக்குப் போடுவதுபோல் வெள்ளைப் பாலீஷைப் பஞ்சில் தொட்டு நிதானமாகப் பூசினார். பிறகு ஏணியின் அடியில் வெயில் விழும் இடமாகப் பார்த்து, ஏறுகிறவர் காலை நுழைக்க வாகாக, முனை படகைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.