கேட் அருகே நின்றவர்

வேலையாகக் கனடாவின் மாண்ட்ரியலுக்கு வந்தபோது, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கிளப் மாதிரி ரயில் ஓட்டுகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். ஓட்டியவர் யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த மீசை. ஒவ்வொரு ரயிலும் கிளம்புமுன் தன் வாயாலேயே "கூ" என்பார்.

என் அப்பா ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர், போன வருஷம் சுரங்கப்பாதை கட்டி அந்தக் கேட்டை எடுத்துவிட்டார்கள் என்றேன். உடனே பச்சைக்கொடியோடு ஒரு குட்டிப் பொம்மை மனிதனை மாதிரித் தண்டவாளத்தின் கேட் அருகே ஒட்டினார்.

"தம்பி, இது உங்கட அப்பா. இனி இஞ்சதான் நிப்பார்."

நான் பார்க்கும் வேலை அப்பாவுக்கு விளங்காது. அந்தப் பொம்மையைப் படமெடுத்து அனுப்பினேன்; அது விளங்கியது. ஊர் முழுக்கக் காட்டினார்.

அடுத்த ஞாயிறு, வீடியோ காலில் அப்பாவை வைத்துக்கொண்டு மறுபடி அங்கே போனேன். கேட் அருகே பசைத்தடம் மட்டும் இருந்தது.

"நான் எங்கடா?" என்றார் அப்பா.

"கிளப்பில சிரிக்கினம் தம்பி. இந்த நாட்டில கேட்டுக்கு ஆள் நிக்கிறேல்லை. எடுத்திட்டன்" என்றார் அவர், சுவிட்சிலிருந்து கண்ணெடுக்காமல்.

"அங்கயும் எடுத்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு அப்பா போனை வைத்துவிட்டார்.

ரயில் ஓட்டியவர் மறுபடி "கூ" என்றார். நான் கேட்காமலேயே அப்படியொரு வாக்கை ஏன் கொடுத்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.