மாமா ஊருக்குப் போயிருக்கிறார்

என் அக்கா புருஷன் லிஃப்ட் ஓட்டுகிறார். சிரிக்காதீர்கள், அதற்கும் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. பெரிய அலுவலகக் கட்டடம். லிஃப்டுக்குள் பொத்தான்களுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதில் மாமா. ஏறுகிறவர்கள் மாடியைச் சொல்வார்கள், அவர் அழுத்துவார். அவர்களே அழுத்திக்கொள்ளலாம்தான். அந்தக் கட்டடத்துப் பெரிய மனிதர்களுக்கு விரல் வலிக்குமோ என்னவோ.

அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூரையில் ஒரு ஸ்பீக்கரை வைத்துக் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்கள், அதைத்தான் பொறுக்க முடியாது. தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கினாற்போல் இருக்கும். ஒரு நாள் சாப்பாடு கொடுக்கப் போனவள், பாதியிலேயே இறங்கி மீதி மாடியைப் படியில் ஏறிவிட்டேன். மாமாவால் அப்படி இறங்க முடியாது.

வீட்டுக்கு வந்தால் இங்கே வேறு கச்சேரி. இருப்பது இரண்டே அறை. ஒன்றில் அக்காவின் தையல் மெஷின் கடகடக்கும், மற்றதில் அவர்களுடைய இரண்டு பெண்களும் அடித்துக்கொள்வார்கள். போதாததற்கு நான். பல் டாக்டர் கிளினிக் ஒன்றில் வருகிறவர்களை உட்காரவைத்து அனுப்புகிற வேலை எனக்கு. தங்குவது அக்கா வீட்டில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிறத்தியார் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

மாமாவுக்கு இருந்த ஒரே சுகம் போனில் பாட்டுக் கேட்பது. போனோடு வந்த இயர்போன் ஒரு பக்கம் செத்துப்போனதும் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆடியோ கடைக்குப் போனார். கடைக்காரர் இயர்போனைத் தூரப் போட்டுவிட்டு, கட்டைவிரல் அளவு ஒரு சாமானைப் போனில் செருகி, பெரிய ஹெட்போன் ஒன்றை அவர் தலையில் மாட்டியிருக்கிறார். “போன்ல பாட்டு பூரா வெறும் நம்பரா இருக்கு சார். அதைச் சத்தமா மாத்தற வேலைய உள்ள இருக்கிறது ஏனோதானோன்னு செய்யும். இந்தக் கன்வெர்ட்டர் ஒழுங்கா செய்யும்” என்றாராம்.

மாமா அன்றைக்கு இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தார். “சின்ன வயசிலேர்ந்து கேக்கற பாட்டு. பாடறதுக்கு முன்னாடி அந்தம்மா ஒரு மூச்சு இழுக்கிறாங்க. அந்த மூச்சு இத்தனை நாளா எனக்குத் தெரியவே இல்ல” என்று சொல்லும்போது கண் கலங்கியிருந்தது.

“மூச்சு கேக்கறதுக்கா இவ்வளவு பெரிய காது?” என்றாள் அக்கா. பெண்கள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன.

அந்த ஹெட்போனின் பின்பக்கம் டீ வடிகட்டி மாதிரி வலை போட்டிருக்கும். அழகுக்கு என்று நினைத்தோம். அது வழியாகக் கொசு பாடுவதுபோல் மெல்லிசாகப் பாட்டு கசியும். மாமா சமையலறை வாசலில், பிளக் பாயிண்டுக்குக் கீழே, தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கொசு பாட ஆரம்பித்துவிட்டால் அவர் ஊரில் இல்லை என்று அர்த்தம். “உங்கப்பா எங்கடி?” என்று கேட்டால் பெண்களே, “ஊருக்குப் போயிருக்காரு” என்று சொல்லும். அவரைத் தாண்டிக்கொண்டு போவோம், அவர் தலைக்கு மேலேயே அவரைப் பற்றிப் பேசுவோம்.

பாட்டு நடுவில் யாராவது கூப்பிட்டு அறுத்துவிடுவார்களே என்று, போனுக்கு எந்த அழைப்பும் வராதபடி செய்துவைத்திருந்தார். யார் நம்பர் கேட்டாலும் அக்காவின் நம்பரைத்தான் கொடுப்பார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

கடைக்காரருக்கு மாமாவின் காது பிடித்துப்போயிற்று. எந்த ஹெட்போனைக் கொடுத்தாலும் எந்தப் பக்கம் சத்தம் கம்மல், எங்கே கரகரப்பு என்று மாட்டிய மாத்திரத்தில் மாமா சொல்லிவிடுவார். கடைக்காரர், வேறு ஊரில் ஒரு கிளை திறக்கப்போவதாகவும், பழுதென்று திரும்பி வருகிற சாமான்களைக் கேட்டுப் பார்க்க ஆள் வேண்டும் என்றும், கடை தயாரானதும் கூப்பிடுவதாகவும் சொல்லியிருந்தார். குடும்பம் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று பேச்சு. மாமா அதற்கப்புறம் முழு ஆளாகவே இல்லை. லிஃப்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, “கடைக்காரர் கூப்பிட்டாரா?” என்பார்.

“இல்லையே” என்பாள் அக்கா.

ஒரு சாயங்காலம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மாமா வாசலில், ஊரில் இல்லை. அக்கா குரலைக்கூடத் தணிக்காமல் சொன்னாள்: “அந்தக் கடைக்காரர் கூப்பிட்டாருடி. இவருக்கு இஷ்டமில்லைன்னு சொல்லிட்டேன்.”

“அடிப்பாவி! உனக்கென்ன பைத்தியமா?”

“இங்க இருக்கும்போதே பாதி நாள் ஊர்ல இல்ல. அங்க போனா முழுசாவே போயிடுவாருடி. எங்களையெல்லாம் கூப்பிட்டுக்கவே மாட்டாரு.”

“அதை அவர்கிட்டயே கேக்கறது! பொண்டாட்டிதானே நீ?”

“கேட்டா, போறேம்பாரே” என்று சொல்லி அக்கா அழுதாள். அடுப்பில் வைத்தது தீய்கிற வரைக்கும் அழுதாள். நான் திட்டாத திட்டெல்லாம் திட்டினேன். கடைசியில், “நானே அவர்கிட்ட பக்குவமா சொல்லிக்கறேன், நீ வாயத் திறக்காதே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னாளா? எங்கே.

ஆச்சரியம் என்னவென்றால், மறுநாளிலிருந்து மாமா அந்த வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. வருவார், செருப்பைக் கழற்றுவார், மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அலுத்துப்போய்விட்டார் போல என்று எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் என் இயர்போன் மக்கர் பண்ணியது. மாமா குளிக்கப் போயிருந்தார். அவருடையதை எடுத்து மாட்டிக்கொண்டேன். உலகமே அடங்கிவிடும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் அடங்கவில்லை. உள் அறையில் பெண்கள் ரப்பருக்காகச் சண்டை போடுவது கேட்டது. பாட்டைப் போட்டேன். பாட்டு அற்புதம்தான். அந்த அம்மாள் மூச்சு இழுப்பதும் கேட்டது, அதற்கு நடுவே சமையலறையில் அக்கா, “உப்பு போட்டேனா இல்லையா” என்று தனக்குத்தானே முணுமுணுப்பதும் கேட்டது.

சட்டென்று கழற்றி, பின்பக்கத்து வலையைத் திருப்பிப் பார்த்தேன்.

மாமா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். நான் வலையைத் தொட்டுக் காட்டினேன்.

“பின்பக்கம் திறந்த மாடல். அப்பத்தான் பாட்டு அடைச்ச மாதிரி இருக்காதாம். கடைக்காரர் அப்பவே சொன்னாரு” என்றார்.

“அப்போ அன்னிக்கு அக்கா பேசினது?”

“கேட்டுச்சு.”

“ஐயோ மாமா! இப்பவே போன் போடுங்க. அந்த இடத்துக்கு இன்னும் ஆள் எடுத்திருக்க மாட்டாங்க.”

“போட்டா, எனக்குத் தெரியும்னு உங்கக்காவுக்குத் தெரிஞ்சிடும். அவ மனசுல இருக்கறதச் சொல்லி அழறதே நான் ஊர்ல இல்லாதப்பதான். அதையும் நிறுத்திடுவா.” துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, “லிஃப்ட் கதவாவது திறக்கும், அவ மனசு திறக்காது” என்றார்.

இவரைப் பிடித்து உலுக்கலாமா, அவளைப் போய் நாலு சாத்து சாத்தலாமா என்று ஆத்திரம் பொங்கியது.

அதற்குள் அக்கா பீன்ஸும் கத்தியுமாக வந்துவிட்டாள். மாமா சட்டென்று ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார். கொசு பாட ஆரம்பித்தது.

“கிளம்பியாச்சா ஊருக்கு?” என்று சிரித்தபடி அக்கா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். முழங்கால் முழங்காலில் இடிக்கிற தூரம்தான். பீன்ஸை நறுக்கிக்கொண்டே பேசினாள்: “ஏண்டி, அந்த வேலையப் பத்தி இப்பல்லாம் வாயே திறக்கறதில்ல, பாத்தியா? பாவம், அவருக்கும் எங்களை விட்டுட்டுப் போக மனசில்ல போல. நான்தான் கண்டதையும் நெனச்சு பயந்துட்டேன். என்ன?”

கத்தியை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

அப்போதுதான் கவனித்தேன். கொசுச் சத்தம் இல்லை. மாமா கண்ணைத் திறக்கவில்லை, விரல் மட்டும் போன்மேல் இருந்தது.

“ஆமாக்கா. அவருக்கு மனசில்லதான்” என்றேன்.

அக்கா பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள். வெகுநேரம் கழித்துத்தான் கொசு பாடியது.