கடைமடைக்கு நாற்பத்திரண்டு நிமிடம்

ஜனவரி ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி முப்பத்தைந்து நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது. வாளையார் பக்கமிருந்து கணவாய்க் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. உதடு வெடித்து, கண்ணில் மண் விழுந்து, எரிச்சலோடு பயிற்சி மண்டபத்தின் வாசலில் செருப்பைக் கழற்றினேன். ஒன்பதரைக்குத் தொடங்கும் என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். தொடங்கியது பத்து இருபத்தைந்துக்கு. மண்டபத்தில் ஆறு மின்விசிறிகள். நான்கு ஓடவில்லை. ஓடிய இரண்டில் ஒன்று, அந்தக் குளிரில், என் தலைக்கு நேர் மேலே.

எனக்கு வயது எழுபத்தொன்று. முப்பத்திரண்டு வருடம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். இப்போது ஐந்து ஏக்கர் நெல், இரண்டு விதமான பிரஷர் மாத்திரை, எங்கள் கிளை வாய்க்கால் விவசாயிகள் சமிதியின் தலைவர் பதவி. சமிதித் தலைவர்களெல்லாம் மூன்று நாள் பயிற்சிக்கு வந்தே தீரவேண்டும், சான்றிதழ் இல்லாத சமிதிக்கு மோட்டார் மானியம் கிடையாது என்று எழுதியிருந்தார்கள். அதனால்தான் போனேன். சுவரில் கட்டியிருந்த பேனரில் சமத்துவம், பன்முகத்தன்மை, பிணக்குத் தீர்வு ஆகியவற்றுக்கான தலைமைப் பயிற்சி என்று இருந்தது. அதில் இரண்டு எழுத்துப் பிழைகள்.

எங்கள் வாய்க்காலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் திறந்துவிடும் தலைப்பிலிருந்து கடைமடையின் கடைசி வயல் வரை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் மண் வாய்க்கால். இருபத்து மூன்று விவசாயிகள், அறுபத்தொரு ஏக்கர். இரண்டாம் போகத்துக்கு, வாரத்தில் ஆளுக்கு ஒரு முறை தண்ணீர். அந்த முறைப் பட்டியலைப் போட்டவன் நான். ஏக்கருக்கு நாற்பது நிமிடம், யாருக்கும் ஒரு நிமிடம் கூடாது, குறையாது. வரிசை, சமிதியில் பெயர் பதிந்த வரிசை. நாலு வருடமாக அந்தப் பட்டியலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு என் முறை. ஐந்து ஏக்கருக்கு இருநூறு நிமிடம், ஒன்பது இருபதுக்கு முடியும். என் வயல் தலைப்பிலேயே இருக்கிறது. அடுத்த முறை கடைமடையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு அம்மாவுக்கு, ஒன்பது இருபதிலிருந்து பத்து இருபது வரை. அதற்கடுத்து மறுபடியும் தலைப்பில் ஒருவர். கடைமடைக்காரம்மா தண்ணீர் பற்றவில்லை என்று மூன்று தடவை என்னிடம் வந்திருந்தார். மூன்று தடவையும் பட்டியலைக் காட்டி, “ஏம்மா, கணக்கு சரியாத்தான் இருக்கு. போயிட்டு வா” என்று அனுப்பினேன். சமிதிப் புத்தகத்தில் ‘நேரம் போதவில்லை என்ற புகார், நிராகரிக்கப்பட்டது’ என்று மூன்று முறை எழுதினேன்.

டிசம்பர் கடைசி வியாழக்கிழமை, நான் மாத்திரை போட வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், என் வயலுக்குக் கீழே வாய்க்காலில் இருக்கும் ஷட்டரின் பூட்டை யாரோ உடைத்துத் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டார்கள். பக்கத்து வயல்காரர் பார்த்தபோது மணி எட்டு நாற்பது. என் முறையில் மீதியிருந்த நாற்பது நிமிடத் தண்ணீர் திருட்டு என்று நானே குறித்து வைத்தேன். சமிதிச் செயலாளர் எனக்கு மருமகன் முறை, தலைப்பில் எட்டு ஏக்கர். கடைமடைக்காரம்மாவின் பெயரைப் போட்டுப் போலீஸுக்கு ஒரு புகாரைத் தட்டச்சு செய்து கொண்டுவந்துவிட்டார்.

“மாமா, நீங்க கையெழுத்துப் போட்டாப் போதுங்க. சனிக்கெழம மீட்டிங் முடிஞ்சதும் நானே ஸ்டேஷன்ல குடுத்துட்டு வந்தர்றனுங்க” என்றார். அந்தத் தாள் என் பையில் இருக்க, நான் பயிற்சிக்குப் போயிருந்தேன்.

பயிற்சிக்கு வந்தவர்கள் இருபத்தெட்டுப் பேர். பெண்கள் பதினொன்று. எல்லையோரத் தமிழர்களுக்காகத் தமிழிலேயே நடத்துவதால், ஒன்பது பேர் இடுக்கியிலிருந்து முந்தின நாளே வேனில் வந்து தங்கியிருந்தார்கள். பயிற்சி நடத்தியது முப்பது வயதுகூட இருக்காத ஒரு மலையாளப் பெண். அவர் ஜோடி ஜோடியாக எங்களைப் பிரித்தபோது எனக்கு வாய்த்தவர், வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காட்டில் வேலை செய்யும் ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். அங்கே தொழிலாளிப் பெண்களுக்குத் தலைவி. சாப்பிடும் முன் சிலுவை போட்டுக்கொள்வார். முதல் நாள் மதியம் என் இலையைப் பார்த்துவிட்டு, “என்ன சார், சாம்பார்ல பருப்பு எத்தனன்னு எண்ணிட்டீங்களா?” என்று கேட்டார். நான் முருங்கைக்காயைத்தான் எண்ணியிருந்தேன். ஒன்று.

இரண்டாம் நாள், நாம் தள்ளிவிட்ட ஒரு புகாரை, புகார் கொடுத்தவராகவே இருந்து ‘நான்’ என்று தொடங்கி ஜோடிக்காரரிடம் சொல்லவேண்டும் என்றார்கள். சிறுபிள்ளை விளையாட்டு என்று எனக்குப் பட்டது. இருந்தாலும் சொன்னேன்.

“நான் கடைமடையில ஒன்றரை ஏக்கர் வச்சிருக்கேன். எனக்கு வாரத்துல ஒரு மணி நேரம் தண்ணி உண்டு. அது பத்தல.”

“ம். அப்புறம்?”

“அவ்வளவுதான். அதுக்கு மேல நான்தான் பேசினேன்.”

“எந்த நான்? அந்தம்மாவா, நீங்களா?”

“நான். வாத்தியார்.”

“மூணு தடவ வந்தாங்கன்னு சொன்னீங்கள்ல. மூணு தடவையும் அந்த ஒரு வரியச் சொல்லத்தான் வந்தாங்களாக்கும்?”

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அடுத்து ஏலக்காட்டு அம்மாவின் முறை. அவர் தள்ளிவிட்ட புகார் எதையும் சொல்லவில்லை. அவருடைய புகார் தள்ளப்பட்ட கதையைத்தான் சொன்னார். வேலைக்கு வந்ததாகப் பெயர் கொடுக்கிற இடத்திலிருந்து ஏலக்காடு இரண்டு கிலோமீட்டர் மேலே. ஏழரைக்குப் பெயர் கொடுத்து, ஏறிப் போய்ச் சேர முக்கால் மணி நேரம்.

“காட்டுக்குள்ள கால் வச்சதுல இருந்துதான் வேல நேரம்னு ஆபீஸ்ல எழுதுவாக. ஏறுற முக்கா மணி யாரு கணக்கு? எங்க காலு யாரு காலு? அதக் கேட்டு வாங்க எங்களுக்கு ஆறு வருஷம் ஆச்சு சார்.”

பாவம் என்று நினைத்துக்கொண்டேன். மலைக்காட்டுச் சங்கதி, நமக்குச் சம்பந்தமில்லை என்றும் நினைத்தேன்.

வியாழக்கிழமை பயிற்சி கிடையாது. அதற்குப் பதில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். புகார் கொடுத்தவர் இருக்கும் இடத்துக்கே போய், என்ன நடக்கிறது, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன வேண்டும் என்று மூன்று கேள்விகள் மட்டும் கேட்டு வரவேண்டும். “பதில் பறையருது, மாஷே. பதில் சொல்லாம கேட்டுட்டு மட்டும் வரணும்” என்று பயிற்சிக்காரப் பெண் என்னைப் பார்த்தே சொன்னார். இருபத்தெட்டுப் பேரில் என்னைப் பார்த்து ஏன் சொன்னார் என்று இரவெல்லாம் வருத்தமாக இருந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பொய்யாக எழுதிக் கொடுக்க மனம் வரவில்லை.

வியாழக்கிழமை ஒன்பது இருபதுக்கு என் மடையை அடைத்து, ஷட்டரை நானே தூக்கிவிட்டு, வாய்க்கால் கரையோரமாகக் கீழே நடந்தேன். எனக்கு வலது முழங்கால் சரியில்லை. இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்தேன். கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது ஐம்பத்தைந்து. அந்த அம்மா மண்வெட்டியோடு வரப்பில் நின்றிருந்தார். வாய்க்கால் வெடித்துக் காய்ந்து கிடந்தது. என்னோடு கிளம்பிய தண்ணீரைக் காணவில்லை.

“ஏனுங்க மாஸ்டருங்க, நீங்க எங்கீங்க இந்தப் பக்கம்?”

“சும்மாதான். தண்ணி வரலியா?”

“இப்பத்தான நீங்க தொறந்திருப்பீங்க. அது நடந்து வரோணுமல்லங்க. மண்ணு குடிச்சு, எலி வளையெல்லாம் குடிச்சு, மிச்சம் இருந்தா இங்க வருமுங்க.”

நான் வரப்பில் உட்கார்ந்தேன். முதல் கேள்விக்கான பதில் கண் முன்னாலேயே நடந்தது. பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு, சருகைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. நாற்பத்திரண்டு நிமிடம். முழங்கால் வலியோடு, இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்த கிழவன் அதைவிட ஏழு நிமிடம் முன்னால் வந்திருந்தேன். பத்து இருபதுக்குத் தலைப்பில் அடுத்தவர் திருப்பிக்கொண்டார். வாய்க்காலில் இருந்த மீதியை மண்ணும் எலி வளையும் குடித்ததுபோக, அதன்பின் வாலாக வந்த தண்ணீர் பதினோரு நிமிடம் ஓடியது. அதில் என் கணுக்கால்கூட நனையவில்லை. ஆக, ஒரு மணி நேரம் என்று நான் எழுதியது, அவர் வயலுக்கு உருப்படியாகப் பதினெட்டு நிமிடம்.

ஏலக்காட்டு அம்மாவின் முக்கால் மணி அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு வருடமாக நான் கடிகாரத்தோடு தலைப்பிலேயே நின்றிருக்கிறேன். தண்ணீர் நடக்கிற நேரத்தை எண்ணவே இல்லை.

இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். “அதுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?”

அவர் வயலைப் பார்த்தபடியே சொன்னார். “பூட்ட ஒடச்சது நாந்தானுங்க. வேற ஆரும் இல்லீங்க. பயிரு சூல் கட்டற நேரமுங்க. ரெண்டு தடவ காஞ்சா அத்தனையும் பதருங்க. உங்ககிட்ட வந்தா பேப்பரக் காட்டறீங்க. நான் பேப்பரயா நட்டு வெச்சிருக்கேன்?”

பதில் சொல்லக்கூடாது என்ற விதி மட்டும் இல்லாதிருந்தால், பூட்டு பொதுச் சொத்து என்பதில் ஆரம்பித்துக் கால் மணி நேரம் பேசியிருப்பேன். விதி இருந்ததால் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். தண்ணீர் நடக்கிற நேரத்துக்காக அவருக்கு வரவேண்டியது நாற்பத்திரண்டு நிமிடம். அவர் எடுத்துக்கொண்டது நாற்பது. நான் திருட்டு என்று எழுதிய கணக்கில் இரண்டு நிமிடம் அவர் என்னிடம் விட்டுவைத்திருந்தார்.

மூன்றாவது கேள்விக்கு, “நெல்லுப் பொழைக்கோணுங்க” என்றார். மண்வெட்டியோடு வயலுக்குள் இறங்கினார்.

வெள்ளிக்கிழமை நான் நடந்ததைச் சொன்னபோது ஏலக்காட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அப்ப தண்ணிக்கும் நடைக் கணக்கு உண்டுல்ல சார்? நாங்க ஆறு வருஷம் நின்னு வாங்கினத நீங்க ஒரு நாள்ல குடுத்துரலாம்.” அன்று முழுவதும், கூட்டத்தில் பாதிக்கப்பட்டவரை முதலில் பேசவிடுவது, குறுக்கே பேசாமல் இருப்பது, நடந்ததையும் நம் கோபத்தையும் தனித்தனியாகச் சொல்வது என்று பழக்கினார்கள். நான் ஐந்து தடவை குறுக்கே பேசினேன் என்று பயிற்சிக்காரப் பெண் கோடு போட்டு வைத்திருந்தார். என்னுடைய எண்ணிக்கையும் ஐந்துதான்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இருபத்தொரு பேர் வந்தார்கள். கடைமடைக்காரம்மா கதவோரம் நின்றார். “உள்ள வந்து உக்காருங்க. முதல்ல நீங்க பேசுங்க” என்றேன். ஆறு நிமிடம் பேசினார். பூட்டை உடைத்ததையும் ஒளிக்காமல் சொன்னார். “அது தப்புங்க. புதுசு வாங்கித் தந்தர்றனுங்க” என்றார். அதன் பிறகு வியாழக்கிழமை நான் பார்த்ததை நேரத்தோடு படித்துக் காட்டினேன். புகார்த் தாளைக் கையெழுத்துப் போடாமல் செயலாளரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அவர் முகம் கறுத்துப்போனது. “என்னுங்க மாமா இது? நாளைக்கு ஆளாளுக்குக் கடப்பாறையோட வருவாங்க. மூணு நாள் ஓசிச் சோறு தின்னுட்டு வந்து எங்க தலையில கைய வெக்கறீங்களே.”

“சோறும் சுமார்தான் மாப்ள” என்றேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் நடக்கிற நேரத்தை இனி யார் முறையிலிருந்தும் கழிக்கக்கூடாது, அது எல்லாருக்கும் பொது என்பது என் யோசனை. கடைமடைக்கு நாற்பத்திரண்டு என்ற கணக்கில், வயல் தூரத்தை வைத்து எல்லாருடைய நடை நேரத்தையும் கூட்டினால் வாரத்துக்கு முந்நூற்றைந்து நிமிடம். அறுபத்தொரு ஏக்கருக்கும் பங்கிட்டால் ஏக்கருக்கு ஐந்து. இனி ஏக்கருக்கு நாற்பது இல்லை, முப்பத்தைந்து.

“எட்டு ஏக்கராவுக்கு நாப்பது நிமிசம் போகுதுங்க எனக்கு” என்றார் செயலாளர்.

“எனக்கு இருபத்தஞ்சு போகுது. எனக்கும் கூட்டத் தெரியும்.”

கை தூக்கச் சொன்னேன். ஆதரவாகப் பதின்மூன்று, எதிராக எட்டு. செயலாளர் அதன்பின் பத்தொன்பது நாள் என்னோடு பேசவில்லை. இருபதாவது நாள் உரம் விஷயமாக வந்து பேசினார். பூட்டு இல்லாமலே இருக்கட்டும் என்று நான் சொன்னதை மட்டும் யாரும் ஏற்கவில்லை. சமிதியே புதிதாக ஒன்று வாங்கிப் போட்டது. சாவி மூன்று. ஒன்று கடைமடையில்.

அந்த அம்மாவின் நெல் முழுவதும் பிழைத்தது என்று சொல்லமாட்டேன். மேட்டோரம் கால் ஏக்கர் பதராகிவிட்டது. நான் முதல் தடவையே கேட்டிருந்தால் அதுவும் நின்றிருக்கும். மீதி ஒன்றேகால் ஏக்கர் அறுவடையானது. அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லவேண்டியவன் நான்தான் என்பதால் அறுவடையன்று போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். “இருக்கட்டுமுங்க மாஸ்டருங்க, வெயில்ல நிக்காதீங்க” என்றார். வண்டன்மேட்டுக்கும் போன் செய்து சொன்னேன். மூன்று நிமிடம் பேசினோம். அதில் இரண்டரை நிமிடம் அவர் பேச, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பயிற்சிக்காரப் பெண்ணின் எண் என்னிடம் இல்லை. ஒரு பெண்மணியைத் தவறான கணக்கோடு போலீஸ் ஸ்டேஷன் வரை இழுத்துவிட்டு, அது சரியான கணக்கு என்றே நம்பிச் செத்துப்போயிருப்பேன். அப்படி ஆகாமல் தடுத்தவர்கள் இவர்கள் மூவரும்.

ஜனவரி பதினாறு முதல் பிப்ரவரி இருபது வரை ஆறு வியாழக்கிழமைகள். வாரத்துக்கு இருபத்தைந்து நிமிடம் என்றால் நூற்றைம்பது நிமிடத் தண்ணீர். முந்தின வருடம் நூற்றுப் பதினெட்டு மூட்டை அறுத்தேன். இந்த வருடம் நூற்றுப் பதினைந்து. எனக்கு ஆன செலவு மூன்று மூட்டை நெல்.