பத்மா அக்கா எதிரில் நான் சாப்பிட்ட மீன் கறி

காலை இடைவேளையில் தொழிற்சாலைக் கேண்டீனில் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தபோது பத்மா அக்காவின் மகள் அழைத்தார். "ஆன்ட்டி, அம்மா விடியக்காலையில தவறிட்டாங்க" என்றார். தட்டிலிருந்த ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். அக்கா பார்த்திருந்தால் திட்டியிருப்பார். சாப்பாட்டை மிச்சம் வைப்பவர்களை அவருக்குப் பிடிக்காது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருமதி பத்மாவதி உலு திராம் என்ற ஊரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர். எங்கள் பிரிவுக்கு அவர்தான் லைன் லீடர். உயரம் குறைவு, குரல் அதிகம். இயந்திரச் சத்தத்தை மீறி அவர் ஒருவரைக் கூப்பிட்டால் அடுத்த பிரிவில் இருப்பவரும் பயந்துபோய்த் திரும்பிப் பார்ப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், ஒரு பெட்டி மூடிகளுக்குத் தவறான லேபிளை ஒட்டி அனுப்பிவிட்டேன். மேலாளர் எல்லார் முன்னாலும் ஏசினார். அன்று சனிக்கிழமை, அரை நாள் வேலை. இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று முடிவு செய்து கழிவறையில் நின்று அழுதுகொண்டிருந்தேன். அக்கா உள்ளே வந்தார். கையைப் பிடித்து, எதிர்ச்சாலையில் இருந்த பாயின் சாப்பாட்டுக் கடைக்கு இழுத்துப் போனார். வாழையிலையில் ஆவி பறக்கச் சோறு விழுந்தது. வெண்டைக்காயும் தெங்கிரித் துண்டுமாக மீன் கறி வந்தது.

"அழுவுறதா இருந்தா சாப்ட்டுட்டு அழு. வெறும் வயித்துல அழுதா தலைதான் வலிக்கும்" என்றார்.

சாப்பிட்டேன். இரண்டாம் முறை சோறு வாங்கியபோது, திங்கட்கிழமை வேலைக்குப் போய்த்தான் பார்ப்போமே என்று தோன்றிவிட்டது.

அதிலிருந்து சனிக்கிழமை மதியம் என்றால் எங்களுக்கு அந்தக் கடைதான். முதல் வாயில் அக்கா கண்ணை மூடிக்கொள்வார். திறந்ததும், "பாய், இன்னிக்குப் புளி தூக்கல்" என்பார். பாய்க்கு முகம் சுருங்கிவிடும். எப்போதும் போடுகிற அளவுதான் என்று மறுப்பார். அக்கா இன்னொரு கரண்டி கறி கேட்பார். ஏழு வருடம் நடந்த வழக்கு இது. தீர்ப்பு மட்டும் வரவில்லை.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. வேலையை விட்டார். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். மீன் கறியை நினைத்தே பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்படியும் சனிக்கிழமை காலையில் போனில் கூப்பிட்டு, கடைக்குப் போகலாமா என்று கேட்டார். வெறுஞ்சோற்றை வைத்துக்கொண்டு அவர் எதிரில் இருக்க, நான் எப்படி மீன் கறியைப் பிசைந்து தின்பேன்? வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன், விரதம் இருக்கிறேன் என்றேன். அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். தனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னார். அன்று மதியம் என் வீட்டில் கோழிக்கறி.

ஐந்து சனிக்கிழமைகள் இப்படியே ஓடின. தைப்பூசத்துக்கு முதல் நாள் மறுபடியும் கூப்பிட்டார். மகளைக் கார் எடுக்கச் சொல்லியிருப்பதாகவும், கோவிலுக்கு வந்து நான் குடம் எடுப்பதைப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார். வசமாக மாட்டிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

"முருகன் பேர்லயா பொய் சொன்ன" என்றார். அடுத்துப் பேசியபோது, இயந்திரத்தையே அடக்குகிற அந்தக் குரல் மெலிந்திருந்தது.

"வீட்டுல எல்லாரும் அடுப்படியில நின்னுக்கிட்டே சாப்புடுறாங்க கலா. நான் வந்தா தட்டை மறைக்கிறாங்க. நான் இன்னும் சாகல லா. நீயாச்சும் என் முன்னால ஒக்காந்து சாப்புடு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரக்கம் என்று நினைத்து நானும் அவரைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை போனோம். பாய் அவருக்குக் கொஞ்சம் சோறும், உப்பில்லாமல் பொரித்த முட்டையின் வெள்ளைக்கருவும் வைத்தார். என் இலையில் மீன் கறி. எப்படி இருக்கிறது என்று அக்கா கேட்டார். நல்லா இருக்கு என்றேன்.

"அத யாரு வேணும்னாலும் சொல்லுவாங்க. சரியாச் சொல்லு."

வெண்டைக்காய் பிஞ்சா, முற்றலா. மீன் இன்று வந்ததா, நேற்றையதா. காரம் நாக்கில் நிற்கிறதா, தொண்டையிலா என்று ஒவ்வொரு வாயாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன். அக்கா கண்ணை மூடிக் கேட்பார். புளி எப்படி என்பார். தூக்கல்தான் என்பேன். பாயைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். சில நாள் என் இலை ஓரத்துக் கறியை விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வார். அந்த நேரம் பார்த்து நானும் பாயும் சாலையில் போகிற லாரியைக் கவனிப்போம். ஓராண்டுக்கு மேல் எங்களுக்கு இந்தப் பாக்கியம் கிடைத்தது.

நான் அவருக்குச் சொந்தமில்லை. ஆனாலும் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை மீனையும் இறைச்சியையும் தொடவில்லை. இந்த விரதம் நிஜம். நேற்று, சனிக்கிழமை, தனியாகக் கடைக்குப் போனேன். இலை போட்டு, பாயே கறி ஊற்றினார். முதல் வாய் எடுப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. வெறும் வயிறு என்பது நினைவுக்கு வர, அடக்கிக்கொண்டு சாப்பிட்டேன். பாய் நகராமல் பக்கத்திலேயே நின்றார். இத்தனை வருடத்தில் அவராக ருசி கேட்டதே இல்லை.

"எப்படிம்மா இருக்கு?"

"புளி கொஞ்சம் தூக்கல், பாய்."

அவர் மறுக்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆமாம்மா. அக்கா சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க" என்றார்.

வழக்கில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், அக்கா. நேற்று வெண்டைக்காய் நல்ல பிஞ்சு. மீன் அன்றைக்கு வந்தது. காரம் தொண்டையில் நின்றது. சாப்பிட்டு முடித்த பிறகுதான் அழுதேன். இலையில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை. போய் வாருங்கள்.