கருடனுக்குப் பால்சோறு

அந்தக் கருடன் பர்மாவில், எங்கள் கோயில் மண்டபத்தின் தகரக் கூரையில் விழுந்தது ஆவணி மாதத்து மழையில். சாயங்காலப் பூசை நடந்துகொண்டிருந்தது. தொம்மென்று சத்தம் கேட்டதும் ஏணி வைத்து ஏறியவன் நான்தான். இடது இறக்கையில் தூண்டில் நரம்பு சுற்றி, தோளோரத்தில் சதையை அறுத்திருந்தது. பக்கத்தில் ஓடும் பசுந்தாங் ஓடையில் யாரோ மீன் பிடித்துவிட்டு அறுத்துப் போட்ட நரம்பாக இருக்க வேண்டும். துண்டால் மூடித் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கீழே நின்ற அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பெருமாள் கோயிலில் கருடன் வந்து விழுகிறது. தை மாதம் கும்பாபிஷேகம். எங்கள் ஆட்களுக்கு வேறென்ன வேண்டும்? கோயில் செயலாளர் என் அண்ணன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவரே வந்துட்டார்டா தம்பி. கும்பத்துல தண்ணி ஊத்துறப்போ இவரே மேலே சுத்துவார் பாரு" என்றார். கலசத்தில் நீர் விழும் நேரம் வானத்தில் கருடன் வட்டமிட வேண்டும், வட்டமிட்டால்தான் பெருமாள் ஏற்றுக்கொண்டார் என்பது எங்கள் கணக்கு. போன கும்பாபிஷேகத்தில் ஒரு காக்காய்கூட வரவில்லை. அந்த வருத்தம் அண்ணனுக்குப் பன்னிரண்டு வருஷமாக இருந்தது.

பசுந்தாங்கில் நான், எரிந்த மோட்டாருக்குப் புதுசாகக் கம்பி சுற்றிக் கொடுக்கும் வைண்டிங் கடை வைத்திருந்தேன். கரண்ட் வருவதும் போவதுமாக, வந்தாலும் ஏறி இறங்குவதுமாக இருந்த காலம். ஊரில் மோட்டார்கள் எரிந்துகொண்டே இருந்தன, அதனால் என் வீட்டில் அடுப்பும் எரிந்தது. கடையில் கிடந்த கம்பிவலையை வெட்டி ஒரே நாளில் கூண்டு செய்துவிட்டேன். என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன். கூண்டுக்குள் பால்சோறு வைத்தோம், வாழைப்பழம் வைத்தோம், சனிக்கிழமை சர்க்கரைப் பொங்கலும் வைத்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஓடைக் கரையில் கருடன் மீனைக் கொத்திக்கொண்டு போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். ஆனால் கோயில் வாசலைத் தாண்டியதும் அது மறந்துபோயிற்று. மறந்துபோயிற்று என்பதும் பொய், தெரியும். பெருமாளின் வாகனத்துக்குக் கோயில் மதிலுக்குள் மீனை எப்படிக் கொடுப்பது என்று எல்லோருமே வாயை மூடிக்கொண்டிருந்தோம். கருடன் பால்சோற்றைப் பார்க்கக்கூட இல்லை. கம்பிவலையில் முட்டிக்கொண்டே இருந்தது. ஆறாம் நாள் காலை, நிற்க முடியாமல் கூண்டின் மூலையில் சாய்ந்து கிடந்தது.

அன்றைக்குத்தான் ஒரு அம்மா எரிந்துபோன தண்ணீர் மோட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். பர்மியர், கால்நடை மருத்துவர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். ஓடைக்கு அக்கரையில் தாகேதாவில், தன் அப்பா விட்டுப்போன தோட்டத்தில், அடிபட்ட காட்டு உயிர்களை வைத்துப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். படித்தவர்களைக் கூப்பிடுகிற மாதிரி நானும் 'சயாமா' என்று கூப்பிட்டு, தயங்கித் தயங்கிக் கருடன் விஷயத்தைச் சொன்னேன். கோயிலுக்கு வந்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்தவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"இந்தச் சோறு யாருக்கு?"

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றினார்களே, அதற்கப்புறம் அப்படிக் கூசிப்போனது அன்றைக்குத்தான். அண்ணன் முனகினார். இங்கேயே இருந்தால் நாளைக்குச் செத்துப்போகும் என்று சயாமா சொன்னதும் அடங்கிவிட்டார். மூங்கில் கூடையில் வைத்து, நானே தாகேதாவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் லைன் கார் என்று சொல்லும் பிக்கப் வண்டியில் தொங்கிக்கொண்டு அங்கே போக ஆரம்பித்தேன். குற்ற உணர்ச்சியால் போனேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அதுவும் கொஞ்சம் உண்டுதான். ஆனால் உண்மையில் என்னை இழுத்தது வேடிக்கை பார்க்கும் ஆசை. மோட்டாரைப் பிரித்துப் பார்க்காமல் விடாத புத்தி எனக்கு. இத்தனை வருஷம் கன்னத்தில் போட்டுக்கொண்டேனே, அந்தப் பறவை எப்படி வேலை செய்கிறது என்று ஒருநாளாவது யோசித்தேனா?

சயாமா ஆப்பிரிக்காவில் இரண்டு வருஷம், காட்டு விலங்குகளை மீட்டுக் குணமாக்கி மறுபடி காட்டில் விடும் ஒரு சரணாலயத்தில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தவர். அங்கே கற்ற விதிகளைத் தாகேதாவிலும் விடாமல் வைத்திருந்தார். பேர் வைக்கக்கூடாது, பேசக்கூடாது, தடவிக்கொடுக்கக்கூடாது. தீனி வைக்கும்போது முகத்தைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். பேருக்குப் பதில் வெறும் நம்பர்தான்; எங்கள் கருடன் பதினேழு. அண்ணனிடம் இதைச் சொல்லவே இல்லை.

"ஏன் சயாமா, நாம பேசினா அதுக்கு என்ன கெட்டுப்போகும்?" என்று கேட்டேன். நாங்கள் பேசிக்கொண்டது பர்மியத்தில், தமிழில் எழுதுகிறேன்.

மீன் வெட்டிக்கொண்டே சொன்னார். ஆப்பிரிக்காவின் ஏரிக்கரைகளில் மீன் தின்னும் கழுகு ஒன்று உண்டாம். அதற்கும் வெள்ளைத் தலை, செம்பழுப்பு வயிறு; நம் கருடனுக்கு அண்ணன் மாதிரி இருக்குமாம். அப்படி ஒன்றை அவர் தன் கையாலேயே ஊட்டி வளர்த்து, பேர் வைத்துக் கூப்பிட்டு, ஏரியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். மூன்றாம் நாள் அது தீனி கேட்டு ஒரு மீனவர் படகில் போய் இறங்கியது. மீனைத் திருட வந்தது என்று நினைத்து அவர் துடுப்பால் அடித்துவிட்டார்.

"அவர் மேல தப்பில்ல அகோ. மனுசங்க நல்லவங்கன்னு அதுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான்" என்றார். என்னை 'அகோ', அதாவது அண்ணன் என்றுதான் அவர் கூப்பிடுவார். அன்றிலிருந்து நான் முகத்துணியைக் கண் வரைக்கும் ஏற்றிக் கட்டிக்கொண்டேன்.

பேசத்தான் தடை, பார்க்கத் தடையில்லையே. ஓலைத் தடுப்பில் ஒரு ஓட்டை போட்டு அதன் வழியாகப் பார்ப்பேன். மீனை ஒரு காலால் அழுத்தி, முதலில் கண்ணைத்தான் கொத்தும். தின்றதில் செரிக்காததை எல்லாம் உருண்டையாக்கி, கழுத்தை ஆட்டி ஆட்டி வாயால் கக்கும். அந்த உருண்டை ஒன்றைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கடைக்குக் கொண்டுவந்து, செப்புக் கம்பி எடுக்கும் இடுக்கியால் பிரித்துப் பார்த்தேன். மீன் செதில், எலி மயிர், அரிசிக் குருணை அளவுக்கு ஒரு பல். சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி அதைப் பார்த்தாள். "மோட்டாரை நோண்டுறது போதாதா?" என்று தூக்குப்பாத்திரத்தை வைத்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கோ புதையல் கிடைத்த மாதிரி இருந்தது.

ஐப்பசி முடிவதற்குள் தோள்புண் ஆறிவிட்டது. ஆனாலும் பதினேழு பறக்கவில்லை. நீளக் கொட்டகையில் ஒரு கிளையிலிருந்து தாவும், இடது பக்கம் சரிந்து தரையில் விழும். சயாமா அதைப் பிடித்து இறக்கையை விரித்துக் காட்டினார். மூன்று பெரிய இறகுகள் பாதியில் முறிந்து, தண்டு மட்டும் குச்சியாக நின்றது.

"கம்பிவலையில முட்டினதால வந்தது. மூங்கில் கூண்டா இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது" என்றார்.

வலையை வெட்டினவன் எதிரே நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால் தேவலாம். "இறகு தானா உதிர்ந்து புதுசா முளைக்க ஒரு வருசம் கூட ஆகலாம். அத்தனை நாள் கூண்டுல இருந்தா மனசு கூண்டுக்குப் பழகிடும்" என்று மட்டும் சொன்னார். 

ஆப்பிரிக்காவில் ஒரு வழி உண்டாம். உதிர்ந்த இறகை எடுத்து, முறிந்த தண்டோடு ஒட்டுப்போடுவது. இரண்டு தண்டுக்கும் உள்ளே கூடாகத்தான் இருக்கும். அதற்குள் மெல்லிய மூங்கில் ஆப்பு செருகி, பசை வைத்து இணைக்க வேண்டும். தான் இரண்டு முறை முயன்றதாகவும், இரண்டு முறையும் ஆப்பு பருத்துத் தண்டு பிளந்துபோனதாகவும் சயாமா சொன்னார்.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. மோட்டாரில் கம்பி சுற்றி முடித்ததும், கம்பி வெளியே வராமல் ஒவ்வொரு காடியிலும் மூங்கில் ஆப்பு செருகுவோம். இருபது வருஷமாக மூங்கில் சீவியே என் கட்டைவிரல் காய்த்துப்போயிருந்தது. "சயாமா, அதை என்கிட்ட விடுங்க" என்றேன்.

அங்கே நிரந்தரமாக இருந்த ஒரு கரும்பருந்தின் உதிர்ந்த இறகுகளை அவர் சேர்த்து வைத்திருந்தார். பதினேழுக்கு மயக்க மருந்து கொடுத்தார். மேசை மேல் இறக்கையை விரித்து வைத்தபோது அதன் நெஞ்சு என் விரலுக்கடியில் துடித்தது. எத்தனையோ மோட்டாரைத் தொட்டிருக்கிறேன், ஒன்றின் நெஞ்சாவது இப்படி அடித்துக்கொண்டதா? தீக்குச்சியில் பாதி கனத்துக்கு மூன்று பக்கமாகச் சீவிய ஆப்பைச் செருகினேன். தண்டு பிளக்கவில்லை. மூன்று இறகும் முடிய மத்தியானமாகிவிட்டது. செம்பழுப்பு இறக்கையின் நடுவே மூன்று கறுப்பு இறகுகள், வெள்ளைச் சட்டையில் போட்ட கறுப்பு ஒட்டு மாதிரி தெரிந்தன. நாலாம் நாள் அது கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சரியாமல் பறந்தது. முகத்துணிக்குள் நான் அழுதது சயாமாவுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பறக்கிறது என்ற செய்தி மார்கழியில் அண்ணன் காதுக்கு எட்டியதும் கடைக்கே வந்துவிட்டார். திட்டம் தயாராக இருந்தது. கும்பாபிஷேகத்தன்று பின்வீட்டு மொட்டைமாடியில் நான் கூடையோடு ஒளிந்திருக்க வேண்டும். அவர் மைக்கில் 'கோவிந்தா' சொன்னதும் திறந்துவிட வேண்டும்.

"அண்ணே, மேளமும் மைக்கும் அத்தனை கூட்டமும்... அது மிரண்டு கரண்ட் கம்பியில போய் மோதும். இல்லன்னா கூட்டத்துக்கு நடுவுல இறங்கும். அதை ஆத்தோரமாத்தான் விடணும்."

"பர்மாக்காரங்க அவங்க புத்தர் பயாவுல குருவி வாங்கிப் பறக்க விடுறாங்க, அது புண்ணியம். நாம விட்டா பாவமா? நம்ம கோயில்லதானடா விழுந்துச்சு?"

"அது தானா வந்து சுத்தினாத்தானே அண்ணே அடையாளம்? கூடையில வச்சு விட்டா அதுக்கு என்ன அர்த்தம்?"

அண்ணன் முகம் சுண்டிப்போனது. அப்பா செத்த பிறகு என்னை ஆளாக்கியவர் அவர். அவரை எதிர்த்து அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. "கோயிலைவிட உனக்கு அந்தத் தாகேதாக் கொட்டகை பெரிசாப் போச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதோடு என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போவார். மூன்று வாரம் எனக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை. நேராகப் போய், 'சரி அண்ணே, கொண்டாறேன்' என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை அவர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினேன்.

கும்பாபிஷேகத்துக்கு நாலு நாள் முன்னால், சயாமாவும் நானும் கூடையோடு ஆற்றோரத்து ஊரான கியாக்தானுக்குப் போனோம். ஆற்று நடுவே இருக்கும் பயாவைச் சுற்றிக் கெளுத்தி மீனுக்குப் பொரி போடும் கூட்டம் எப்போதும் இருக்கும். அங்கே வேண்டாம் என்று, கரையோரமாக ஆளில்லாத இடம்வரை நடந்தோம். வானத்தில் ஏற்கெனவே நாலைந்து கருடன்கள் இருந்தன.

சயாமா கூடையை என்னிடம் நீட்டினார். திறந்தேன். பதினேழு கொஞ்ச நேரம் கூடை விளிம்பில் உட்கார்ந்து காற்றைப் பார்த்தது, பிறகு கிளம்பியது. இடது இறக்கையின் மூன்று கறுப்பு மேலே ஏற ஏறச் சிறுத்துக்கொண்டே போனது. ஒரு தடவைகூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம், கொஞ்சம் கோபமும்தான். "ஒரு நன்றிகூடச் சொல்லல பாருங்க" என்றேன். சயாமா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கும்பாபிஷேகத்தன்று கூட்டத்தின் பின்வரிசையில் நின்றுகொண்டேன். மேளம் ஏறியது. கலசத்தில் நீர் விழுந்தது. எல்லோரும் அண்ணாந்தார்கள். வெறும் வானம். 'கோவிந்தா' சொல்ல எடுத்த மைக்கை அண்ணன் இறக்குவது தெரிந்தது. நானே என் அண்ணனை ஊர் நடுவே நிற்கவைத்துவிட்டேன் என்று மனசு குமைந்தது.

அப்போது ஓடைப் பக்கத்திலிருந்து ஒரு கருடன் வந்தது. அவசரமே இல்லாமல் கோபுரத்துக்கு மேலே ஒரு வட்டம், இன்னொரு வட்டம். 'கோவிந்தா' என்று கூட்டம் அலறியது. அந்தச் சத்தத்துக்குள் அண்ணன் ஆட்களை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். கையில் மைக் அப்படியே இருந்தது.

"மனசு மாறிக் கொண்டாந்து விட்டுட்டியாடா? நம்ம ஆளுதானே?" என்று காதோடு கேட்டார். மூன்று வாரத்துக்குப் பிறகு அவர் குரல்.

தலையை ஆட்டியிருந்தால் போதும், எல்லாம் சரியாகியிருக்கும். நான் இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தேன். அது எங்களுக்கு நேர் மேலே திரும்பியது. இடது இறக்கை, வலது இறக்கை, நுனிக் கறுப்பைத் தவிர இரண்டும் முழுச் செம்பழுப்பு.

"இல்லண்ணே. நம்மாளுக்கு இடது பக்கம் மூணு கறுப்பு இருக்கும். அது கியாக்தான்ல இருக்கு. இதை யாரும் கொண்டாரல, தானா வந்திருக்கு."

அதுவரை அந்தக் கூட்டத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் நின்ற ஒரே ஆள் என் அண்ணன்தான். மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். மைக்கை என் கையில் திணித்துவிட்டு, இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.