மாமரத்துக்கு வாழ்க்கைப்பட்ட குருக்கத்தி

தாம்பரத்தை அடுத்த அஸ்தினாபுரத்தில் ஒரு மாமரம் இரண்டு பருவங்கள் காய்க்காமல் நின்றதற்கு நானே காரணம் என்று அவ்வட்டாரத்துச் செடி வணிகர்களிடையே இன்றும் பேச்சு உலவுகிறது. அதில் பாதி உண்மை. மறுபாதியை நானே எழுதிவைக்காவிடில் முழுப்பழியும் என்மேல் நிலைத்துவிடும் என்பதால் இக்குறிப்பு.

படப்பைச் சாலையில் ஒரு நர்சரியில் பல்லாண்டுகள் பணியாற்றினேன். கவரில் செம்மண் நிரப்புவது முதல் பில் போடுவது வரை எல்லாம் செய்ததுண்டு. ஆயினும் என் உள்ளம் தோய்ந்தது பலகை எழுதுவதில்தான். ஒவ்வொரு செடியின் முன்னும் அதன் தமிழ்ப்பெயர், வரலாறு, தொன்மக்கதை ஆகியவற்றை எழுதி நடுவேன். உரிமையாளர் தணிகாசலத்துக்கு இது உவப்பாக இல்லை.

“ஐயா, வெயிலா நெழலா, தண்ணி எவ்ளோ, அது போதும். கஸ்டமர் நின்னு படிச்சிக்கினே கீறாங்க.”

“படித்தவர் மீண்டும் வருவார்” என்றேன்.

“ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வரட்டும். அன்னிக்கே அத்தினி பலகையும் அடுப்புக்குத்தான்.”

இந்த நிபந்தனையின் கீழ்தான் குருக்கத்திக்குப் பலகை எழுதினேன். இளவேனிலில் பூக்கும் கொடி அது. வெள்ளிதழ்களின் ஓரம் நூல் பிரிந்த துணி போலிருக்கும். ஓரிதழில் மட்டும் மஞ்சள் தீற்றல். நல்ல மணம். மாதவி என்றும், வசந்தத்தையொட்டி வாசந்தி என்றும் வழங்குவர். அரசர் சோலைகளில் இக்கொடியை மாமரத்துக்கு மணமுடித்து வைத்ததாகக் கதைகள் கூறும். இக்கடைசி வரியைச் சற்றுப் பெரிய எழுத்தில் எழுதியதே என் பிழை.

அஸ்தினாபுரத்தில் வசிக்கும், வங்கிப் பணியில் ஓய்வு பெற்ற விமலா என்னும் அம்மையார் அதைப் படித்தார்.

“சார், இது நிஜமா? மாமரத்துக்குக் கல்யாணம் பண்ணி வைக்கணுமா?”

“மரபு அப்படி.”

“எங்க வீட்ல மாமரம் இல்லையே. பக்கத்து வீட்ல இருக்கு, காம்பவுண்ட் ஒட்டி.”

“சுவர் ஒரு தடையன்று” என்றேன். அதை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

மரத்துக்குரியவர் தேவராஜ், அவ்வூரின் பழைய வேளாண் குடும்பத்தவர். சிரித்துக்கொண்டே இசைந்தார். பங்குனியில் மணம். நானும் அழைக்கப்பட்டேன். மரத்துக்கு வேட்டி சுற்றியிருந்தது. கொடிக்கு மஞ்சள் கயிறு.

“மாப்ள வூட்டுக்காரன் நானு. சீர் எங்க?” என்றார் தேவராஜ்.

விமலா ஒரு மூட்டை மண்புழு உரம் கொடுத்தார்.

“பையன் தங்கமானவன் மா. ஊறுகாய்க்குன்னே பொறந்தவன்.”

மூன்றாம் ஆண்டு தேவராஜ் நர்சரிக்கு வந்தார். பின்னாலேயே விமலாவும் வந்தார். “போர்டு எழுதினது யாரு?” என்றதும் தணிகாசலம் என்னைச் சுட்டிக்காட்டினார், சற்று மகிழ்ச்சியோடு.

“உங்க பொண்ணு எங்க பையன மூச்சு வுட வுடல சார். தலை மேல ஏறி ஒக்காந்துகினு கீது. ரெண்டு வருசமா ஒரு பிஞ்சு இல்ல.”

“வசதியா வளர்ந்த பொண்ணு, அப்படித்தான் இருப்பா” என்றார் விமலா.

“வளந்த பொண்ணா? அது மொட்ட மாடியத் தாண்டிப் பூடுச்சி மா. நாளைக்கே வேரோட வெட்டறேன்.”

“வெட்டினீங்கன்னா உங்க வீட்டோட பேச்சே கிடையாது.”

தணிகாசலம் என் காதருகே வந்தார். “பலகையக் கழட்டிடலாமா ஐயா?”

ஒருநாள் தவணை கேட்டேன். மறுநாள் காலை ஏணியும் கவாத்துக் கத்தரியுமாகப் போனேன். கட்டைவிரல் பருமனில் தண்டுகள் மரத்தைப் பின்னியிருந்தன, விடுவிக்க நண்பகலாயிற்று. பூத்து முடிந்ததும் ஆண்டுதோறும் கவாத்து செய்து வெட்டிவிட வேண்டிய கொடி அது. கதைகள் மணத்தோடு நின்றுவிட்டன; நானும் அங்கேயே நின்றுவிட்டேன் என்று இருவரிடமும் ஒப்புக்கொண்டேன். விமலாவின் பக்கம் ஓர் இரும்புப் பந்தல் அமைத்துக் கொடியை அதில் ஏற்றினோம்.

“தனிக்குடித்தனம் வெச்சாச்சு. நல்லது” என்றார் தேவராஜ்.

“ஒரு கிளை மட்டும் அந்தப் பக்கம் வரட்டுமே. கட்டிக்கொடுத்த பொண்ணு” என்றார் விமலா.

தேவராஜ் மரத்தை அண்ணாந்து பார்த்து நெடுநேரம் ஆலோசித்தார். “ஒண்ணே ஒண்ணு. வந்து பாத்துட்டுப் போவட்டும். தங்கக் கூடாது.”

அடுத்த தையில் மா பூத்தது. சித்திரையில் தேவராஜ் வீட்டிலிருந்து நர்சரிக்கு ஓர் ஊறுகாய் ஜாடி வந்தது. மூடியில் ‘சம்பந்திக்கு’ என்று எழுதியிருந்தது. தணிகாசலம் விரலால் தொட்டுச் சுவைத்தார். மீண்டும் ஒருமுறை தொட்டார்.

“கத இருக்கட்டும் ஐயா. ஆனா கவாத்து மேல, கல்யாணம் கீழ.”

பலகையை அவ்வாறே திருத்தி எழுதினேன். இத்தொழிலுக்கு வரும் இளையோருக்கு நான் சொல்லக்கூடியதும் இவ்வளவே: செடி என்ன செய்யும் என்பதை முதலில் எழுதுங்கள், செடியைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது பிறகு.

மணத்துக்குப் பின் அரசர் சோலை மாவும் மாதவியும் எவ்வாறு வாழ்ந்தனர் எனக் கூறும் கதை எதனையும் நான் கண்டதில்லை. கண்டவர் தெரிவித்து உதவுக. பெயரிலோ பருவத்திலோ பிழையிருப்பின் திருத்துக. ஊறுகாய் பற்றிய செய்தியில் மட்டும் பிழையில்லை. ஜாடி என்னிடம் இருக்கிறது, காலியாக.